கடைக் கணக்கு கம்ப்யூட்டரில் ஏறும் முன்...

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் கடைக்காரர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த பில்லிங் சாப்ட்வேர் போடலாம் தம்பி?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "பிரிண்டர் எது சீப்?" கள்ளக்குறிச்சியில் 2003-லிருந்து டி.டி.பி., ஜெராக்ஸ், லேமினேஷன், கம்ப்யூட்டர் சர்வீஸ் என்று எல்லாம் கலந்த ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். அப்போது இது விழுப்புரம் மாவட்டம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. இத்தனை வருடத்தில் "மின்சாரம் போனால் என்ன ஆகும்? ஹார்ட் டிஸ்க் போனால் என்ன ஆகும்?" என்று வாங்கும்போதே கேட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

கேட்காதவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஏனென்றால் 2012-ல் நானே அதைச் சொல்லத் தவறினேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். டிப்ஸ் எல்லாம் அதிலிருந்தே வரும்.

கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்குதான் முக்கியமான பணப்பயிர். வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு பக்கமிருந்து கிழங்கு இறங்கி, சின்னசேலம், ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளுக்குப் போகும். விலை எடைக்கு மட்டும் அல்ல. கிழங்கில் உள்ள மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று பார்த்து, ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். கணக்குக்காக வைத்துக் கொள்ளுங்கள்: வண்டியோடு எடை 6,400 கிலோ, காலி வண்டி 2,150 கிலோ, கிழங்கு 4,250 கிலோ. பாயிண்ட் 26. ஒரு டன்னுக்குப் பாயிண்டுக்கு 300 ரூபாய் என்றால் டன் விலை 7,800. ஆக மொத்தம் 33,150 ரூபாய். இதில் நடவின்போது வாங்கிய முன்பணம், ஏற்றுகூலி, வண்டி வாடகை எல்லாம் கழியும். மீதியை ஒரே நாளில் தரமாட்டார்கள். ஆலையிலிருந்து பணம் வர வர, பகுதி பகுதியாகத் தருவார்கள்.

இப்படிப்பட்ட கணக்கை 200 பேருக்கு மேல் நோட்டில் எழுதி வந்தார் எனக்குத் தெரிந்த ஒரு கிழங்கு வியாபாரி. 2011 கடைசியில் அவருக்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுத்தேன். எக்செல்லில் கணக்கு போட்டுக் கொடுத்தேன். கார்பன் வைத்து எழுதும் பில் புத்தகத்தை எடுத்துவிட்டு, சத்தமில்லாத, மை வாங்கத் தேவையில்லாத ஒரு தெர்மல் பிரிண்டரையும் வைத்தேன். "அண்ணே, இனிமே நோட்டே வேண்டாம். தினமும் சாயங்காலம் இந்த ஃபைலை காப்பி பண்ணி டி டிரைவில் போட்டுடுங்க, பத்திரமா இருக்கும்" என்றேன். அவரும் ஒரு நாள் தவறாமல் செய்தார்.

2012 எப்படிப்பட்ட வருடம் என்று சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மின்வெட்டு மணிக்கணக்கில். யு.பி.எஸ். பேட்டரிக்கு முழுதாக சார்ஜ் ஏறவே நேரம் கிடைக்காது. ஒரு நிமிடம்கூடத் தாங்காமல் படக்கென்று அணையும். அப்படி அணைந்து அணைந்து, மார்ச் மாதம் ஒரு நாள் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தது. அத்தோடு சரி. விண்டோஸ் ஏறவில்லை. சி டிரைவும் இல்லை, டி டிரைவும் இல்லை. கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டியும் பார்த்தேன். எதுவும் கிடைக்கவில்லை.

சி, டி என்று இரண்டு பெயர் இருந்தாலும் இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க். ஒரே பெட்டிக்குள் இரண்டு அறை. பெட்டி எரிந்தால் இரண்டு அறையும்தான் எரியும். எனக்கு இது தெரியாததா? தெரியும். வைரஸ் வந்து விண்டோஸை மறுபடி போடும்போது டி டிரைவ் தப்பிக்கும் என்பதை மட்டும் மனதில் வைத்துச் சொல்லிவிட்டேன்.

மலையிலிருந்து ஆட்கள் சீட்டுகளோடு இறங்கி வந்தார்கள். நவம்பர், டிசம்பரில் கிழங்கு போட்டவர்களிடம் பழைய கார்பன் சீட்டு இருந்தது. ஓர் ஆயா சுருக்குப்பையிலிருந்து நாலாக மடித்த சீட்டுகளை எடுத்துப் பிரித்து வைத்தார். எண்ணெய்க் கறை, மஞ்சள் கறை எல்லாம் இருந்தது. ஆனால் எழுத்து அப்படியே இருந்தது. பத்து நிமிடத்தில் அவர் கணக்கு நேராகிவிட்டது.

ஜனவரிக்குப் பிறகு போட்டவர்களிடம் இருந்தது நான் வைத்த பிரிண்டரின் தெர்மல் சீட்டு. பலருடையது பாதி மங்கியிருந்தது. சேராப்பட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மட்டும் பத்திரமாக இருக்கட்டும் என்று சீட்டை லேமினேஷன் செய்து வைத்திருந்தார். செய்து கொடுத்தது என் கடையில்தான். நான் இல்லாத நேரம், வேலைக்கு இருந்த பையன் செய்து கொடுத்திருக்கிறான். தெர்மல் பேப்பரில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும்படி மருந்து பூசிய பேப்பர் அது. லேமினேஷன் மெஷினுக்குள் போன சீட்டு முழுக்கக் கறுப்பாக வெளியே வந்திருக்கிறது. பையன் பயந்துபோய்ப் பணம் வாங்காமல் கொடுத்து அனுப்பிவிட்டான்.

பெரியவர் நாலு லோடு என்றார். வியாபாரிக்கு மூன்றுதான் ஞாபகம். ஆலையின் எடைச்சீட்டைப் பார்க்கலாம் என்றால், அதில் பலருடைய கிழங்கும் சேர்ந்து ஏறிய லாரியின் எடைதான் இருக்கும். அந்த ஒரு லோடுக்கு 9,000 ரூபாய் சொச்சம். கடைசியில் பாதிக்குப் பாதி என்று பேசி முடித்தார்கள். பெரியவர் ஒரு வார்த்தை சத்தமாகப் பேசவில்லை. "எழுதிக் கொடுத்தா போதும்னுதான் சாமி நெனச்சேன்" என்று மட்டும் என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

அன்றிலிருந்து யாருக்குக் கம்ப்யூட்டர் கொடுத்தாலும், கீழே உள்ளவற்றைச் சொல்லாமல் பில் போடுவதில்லை.

முதலில் உங்கள் டிரைவைப் பாருங்கள்

உங்கள் கம்ப்யூட்டரில் சி, டி, இ என்று எத்தனை டிரைவ் காட்டினாலும், உண்மையில் எத்தனை டிஸ்க் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஸ்டார்ட் பட்டன் மேல் மவுஸை வைத்து ரைட் கிளிக் செய்யுங்கள். வரும் மெனுவில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கீழ்ப் பகுதியில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று வரிசையாகக் காட்டும். சி-யும் டி-யும் ஒரே டிஸ்க் 0 வரிசையில் இருந்தால், டி டிரைவில் நீங்கள் போடும் காப்பி பேக்கப் ஆகாது. இந்தத் திரையில் எதையும் மாற்ற வேண்டாம். பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். இங்கே தவறாக 'டெலீட் வால்யூம்' கொடுத்துவிட்டு என்னிடம் ஓடி வந்தவர்களும் உண்டு.

இப்போது வரும் லேப்டாப்களில் சுற்றும் ஹார்ட் டிஸ்க் கிடையாது, எஸ்.எஸ்.டி.தான். வேகம் பிரமாதம். ஆனால் பழைய ஹார்ட் டிஸ்க் சாவதற்கு முன் சத்தம் போட்டாவது சொல்லும். எஸ்.எஸ்.டி. பல நேரம் சொல்லாமல் போய்விடும். அதனால் 'புது லேப்டாப்தானே' என்று இருக்க வேண்டாம்.

பேக்கப் எப்படி வைப்பது

உலகம் முழுக்க இதற்குச் சொல்லும் வழி 3-2-1. அதாவது டேட்டா மொத்தம் 3 இடத்தில் இருக்க வேண்டும். அவை 2 வகையான சாதனங்களில் இருக்க வேண்டும். அதில் 1 கடைக்கு வெளியே இருக்க வேண்டும். சின்னக் கடைக்கு இதை நான் இப்படிச் சொல்வேன்.

கம்ப்யூட்டரில் இருப்பது ஒன்று. இரண்டு பென் டிரைவ் வாங்குங்கள். பேனாவால் ஒன்றில் 'திங்கள்', இன்னொன்றில் 'வியாழன்' என்று எழுதுங்கள். அந்தந்த நாள் கடை மூடும்போது அந்தந்த பென் டிரைவில் கணக்கு ஃபைலை காப்பி செய்யுங்கள். ஃபைல் பெயரிலேயே தேதியைச் சேருங்கள். வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் 'கணக்கு 2026-01-12' என்று வைத்தால் ஃபைல்கள் தானாகத் தேதி வாரியாக அடுக்கி நிற்கும். காப்பி ஆனதும் பென் டிரைவைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போங்கள். கல்லாப் பெட்டியில் வைக்க வேண்டாம். கடையில் திருடு போனாலும், மழைத் தண்ணீர் புகுந்தாலும் கல்லாவும் சேர்ந்துதான் போகும்.

ஏன் இரண்டு பென் டிரைவ்? திங்கட்கிழமை கெட்டுப்போன ஃபைலையே காப்பி செய்துவிட்டால் பழைய நல்ல ஃபைல் அழிந்துவிடுமே என்ற பயம் இல்லாமல் இருக்கத்தான். பென் டிரைவும் சாகும். இரண்டும் ஒரே நாளில் சாவது அபூர்வம்.

பென் டிரைவை எப்போதும் சொருகியே வைத்திருக்காதீர்கள். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற வைரஸ் உலகத்தையே ஆட்டியது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. கம்ப்யூட்டரில் உள்ள ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் மதிப்புக்கு பிட்காயின் கேட்டது அது. இந்த வகை வைரஸ் கம்ப்யூட்டரில் சொருகியிருக்கும் பென் டிரைவையும் சேர்த்தே பூட்டும். கழற்றி வைத்த பென் டிரைவை எந்த வைரஸாலும் தொட முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். வான்னாக்ரை நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. 'நெட் காசு போகுது' என்று அப்டேட்டை நிறுத்தி வைத்தவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

மூன்றாவதாக நெட்டில் ஒரு காப்பி. கூகுள் டிரைவில் 15 ஜி.பி. வரை இலவசம். எக்செல் கணக்கு ஃபைலுக்கு இது தாராளம். ஆனால் ஒரு விஷயம். தானாக ஒத்திசைக்கும்படி வைத்திருந்தால், இங்கே நீங்கள் அழித்தது அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு போய்விடும். அதனால் நெட்டில் இருப்பதை மட்டும் நம்பி பென் டிரைவை விட்டுவிடாதீர்கள்.

டாலி போன்ற சாப்ட்வேர் வைத்திருப்பவர்கள் அதிலேயே உள்ள பேக்கப் வசதியைப் பயன்படுத்துங்கள். மாதம் ஒரு முறை அந்த பேக்கப்பை வேறு ஒரு போல்டரில் 'ரீஸ்டோர்' செய்து, நேற்றைய பில் ஒன்று திறக்கிறதா என்று பாருங்கள். ஒரு மருந்துக் கடையில் இரண்டு வருடம் தவறாமல் பேக்கப் எடுத்தார்கள். தேவைப்பட்டபோது திறந்தால் எல்லாம் காலி ஃபைல். தவறான போல்டரையே இரண்டு வருடமாகக் காப்பி செய்திருக்கிறார்கள்.

பிரிண்டர்: கேட்டுவிட்டு வாங்குங்கள்

பிரிண்டரைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய உண்டு, காரணம் உங்களுக்குத் தெரியும். டீக்கடை, மளிகைக் கடை, ஓட்டல் என்றால் தெர்மல் போதும். 2 இஞ்ச், 3 இஞ்ச் என்று இரண்டு அளவில் பேப்பர் ரோல் வரும். வாடிக்கையாளர் அந்த பில்லை வாசலிலேயே கசக்கிப் போட்டுவிடுவார். ஆனால் அந்தச் சீட்டை யாராவது மாதக்கணக்கில் வைத்திருந்து பணம் கேட்டு வருவார்கள் என்றால் தெர்மல் கூடாது. நகை அடகு, கிழங்கு, மக்காச்சோளம், நெல் வாங்குபவர்கள், உத்தரவாதச் சீட்டு கொடுக்கும் பேட்டரி, மோட்டார் கடைக்காரர்கள் எல்லோரும் இதில் சேர்த்தி. வெயிலில் மங்கும். அடுப்புக்கு மேல் பரணில் வைத்தால் கறுக்கும். ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையில் வைத்தால்கூட அந்த பிளாஸ்டிக்கில் உள்ள எண்ணெய்ப் பசை எழுத்தை அழித்துவிடும். லேமினேஷன் பற்றி மறுபடி சொல்லத் தேவையில்லை.

இவர்களுக்கெல்லாம் நான் சொல்வது பழைய டாட் மேட்ரிக்ஸ்தான். கறகறவென்று சத்தம் போடும். வேகம் குறைவு. ஆனால் ஊசிகள் ரிப்பன் வழியாகப் பேப்பரை அடித்து எழுதுவதால் ஒரே அடியில் மூன்று கார்பன் காப்பி வரும். விற்றவருக்கு ஒன்று, டிரைவருக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று. எடைமேடைகளில் இன்றும் அதை வைத்திருப்பது பழமை மேல் உள்ள பாசத்தால் அல்ல.

ஏற்கெனவே தெர்மல் வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வது? சீட்டை மொபைலில் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். அல்லது ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். ஜெராக்ஸ் காப்பி மங்காது, அதை லேமினேஷன் செய்தாலும் ஒன்றும் ஆகாது. நீங்கள் வாங்கும் சரக்குக்கு வரும் தெர்மல் பில்களுக்கும் இதே வழிதான். ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்கள், ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆறு வருடம்! தெர்மல் பில் ஆறு வருடம் தாங்கி நான் பார்த்ததில்லை.

இங்க் டேங்க் பிரிண்டர் வாங்குபவர்கள் வாரம் ஒரு பக்கமாவது கலரில் பிரிண்ட் எடுங்கள். சும்மா விட்டால் ஹெட்டில் இங்க் காய்ந்து அடைத்துக்கொள்ளும். மாதம் பத்துப் பக்கம்தான் எடுப்பேன் என்பவர் கறுப்பு லேசர் வாங்கலாம். டோனர் பொடிதான், காயாது.

யு.பி.எஸ்.

600 வி.ஏ. யு.பி.எஸ். என்பது வேலை செய்வதற்கு அல்ல, சேவ் செய்து அணைப்பதற்கு. பேட்டரி புதிதாக இருந்தால் பத்து, பதினைந்து நிமிடம் தாங்கும். இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி போய்விடும். போனது வெளியே தெரியாது, பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். அதனால் மாதம் ஒரு நாள் எல்லாவற்றையும் சேவ் செய்துவிட்டு, யு.பி.எஸ். பிளக்கை நீங்களே பிடுங்கிப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாங்கவில்லை என்றால் பேட்டரியை மாற்றுங்கள்.

லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.ஸில் சொருகாதீர்கள். பேப்பரைச் சூடாக்க அது திடீரென்று ஏகப்பட்ட கரண்ட் இழுக்கும். யு.பி.எஸ். தாங்காமல் கம்ப்யூட்டரையும் சேர்த்து அணைத்துவிடும். மலையில் கடை வைத்திருப்பவர்கள் இடி மின்னல் வந்தால் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையே கழற்றிவிடுங்கள். பிராட்பேண்ட் வயர் இருந்தால் அதையும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

எக்செல் உங்கள் வங்கி எண்ணை மாற்றிவிடும்

இது பலருக்குத் தெரியாது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எக்செல் ஒரு எண்ணில் முதல் 15 இலக்கங்களைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை நேராக டைப் செய்து என்டர் தட்டினால், கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. நீங்கள் மறுபடி பார்க்கும்போது 1.23457இ+15 என்று ஏதோ காட்டும். கட்டத்தைப் பெரிதாக்கினால் எண் வரும். ஆனால் அது உங்கள் எண் அல்ல.

ஒரு சீசனில் 40 பேருக்கு நெட் பேங்கிங்கில் பணம் அனுப்ப லிஸ்ட் தயாரித்தோம். 16 இலக்க எண்கள் எல்லாமே சுழியத்தில் முடிந்திருந்தன. 'என்னடா இது, எல்லாருக்கும் ஒரே ராசியா' என்று வியாபாரியின் மகன் சிரித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெஃப்ட் முறையில் பணம் கணக்கு எண்ணை வைத்துத்தான் போகும். பெயர் பொருந்துகிறதா என்று பார்த்து நிறுத்தமாட்டார்கள். வேறு யாருடைய கணக்குக்காவது போயிருந்தால் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

செய்ய வேண்டியது சுலபம். வங்கி எண் வரும் காலத்தை முழுதாகத் தேர்ந்தெடுங்கள். ரைட் கிளிக் செய்து 'ஃபார்மட் செல்ஸ்' போய் 'டெக்ஸ்ட்' என்று கொடுங்கள். அதன் பிறகு டைப் செய்யுங்கள். ஏற்கெனவே டைப் செய்ததை இப்படி மாற்றினால் போன இலக்கம் திரும்பி வராது, மறுபடிதான் அடிக்க வேண்டும். பாஸ்புக்கில் எண் சுழியத்தில் தொடங்கினாலும் இதே வழி. இல்லாவிட்டால் முன்னால் உள்ள சுழியங்களை எக்செல் விழுங்கிவிடும். 2025 ஏப்ரலிலிருந்து, பணம் அனுப்பும் முன்பே கணக்குக்கு உரியவர் பெயரைக் காட்டும் வசதியை வங்கிகள் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. உங்கள் வங்கியின் திரையில் அந்தப் பெயரைப் படித்துவிட்டு அடுத்த பட்டனை அழுத்துங்கள்.

எக்செல்லில் இன்னொரு தொல்லை தேதி. கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் இருந்தால் 3-4 என்று அடிப்பது மார்ச் 4 ஆகிவிடும். விண்டோஸ் செட்டிங்ஸில் 'ரீஜியன்' பகுதிக்குப் போய் 'இங்கிலீஷ் இந்தியா' என்று மாற்றுங்கள். தேதி நம் முறைக்கு வரும். 12,34,567 என்று லட்சக் கணக்கில் கமாவும் விழும். இன்றைய தேதியை அடிக்க கன்ட்ரோல் கீயோடு அரைப்புள்ளி கீயை அழுத்தினால் போதும்.

பெயரும் எழுத்தும்

மலையில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். அப்பா பெயரும் சில நேரம் ஒன்றாகவே இருக்கும். அதனால் ஆளுக்கு ஒரு எண் கொடுங்கள். ஊர்ப் பெயரின் முதல் எழுத்துகளும் எண்ணும் சேர்த்து 'சேரா-014', 'இன்-007' என்று வைக்கலாம். இந்த எண்ணை அவருடைய சீட்டிலும் அச்சடியுங்கள். படிக்கத் தெரியாதவர்கூட நம்பரைக் காட்டிவிடுவார்.

பெயர்களைத் தமிழில் அடிப்பதாக இருந்தால் யூனிகோடில் மட்டும் அடியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த லிஸ்ட் இன்னும் பல கடைகளில் இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று தெரியும். அகர வரிசையும் சரியாக வராது. தமிழக அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இப்போதைய விண்டோஸில் தமிழ்99 கீபோர்டு உள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும், தனியாக எதுவும் வாங்க வேண்டாம். பாமினி ஃபைலை யூனிகோடுக்கு மாற்ற இலவச கன்வெர்ட்டர்கள் உண்டு. மாற்றிய பிறகு பெயர்களை ஒரு முறை கண்ணால் சரி பாருங்கள்.

சிக்னல் இல்லாத இடத்தில்

மலையில் பல ஊர்களில் மொபைல் சிக்னல் ஒரு குறிப்பிட்ட பாறையின் மேலோ, பஸ் திரும்பும் மேட்டிலோதான் கிடைக்கும். நெட் இருந்தால்தான் வேலை செய்யும் பில்லிங் ஆப்பை அங்கே எடுத்துப் போய் முழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆப் வாங்கும் முன் மொபைலை ஃப்ளைட் மோடில் போட்டு ஒரு பில் போட்டுப் பாருங்கள். பில் சேவ் ஆகி, பிறகு சிக்னல் வந்ததும் தானாகப் போய்ச் சேர்ந்தால் சரி. இல்லாவிட்டால் மேலே கார்பன் புத்தகத்தில் எழுதி, கீழே வந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவதே மேல். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

யு.பி.ஐ.யில் பணம் வாங்குபவர்கள் வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். உங்கள் ஆப்பில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் ஸ்பீக்கர் பெட்டியும் பேசாது.

மரச்சிற்பக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூரிலிருந்து போட்டோ கேட்டு ஆர்டர் வருவது கூடியிருப்பதாகப் பட்டறை நண்பர்கள் சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் போட்டோ சுருங்கி, உளி வேலையின் நுணுக்கம் எல்லாம் போய்விடும். 'டாகுமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், எடுத்தது எடுத்தபடி போகும். சிற்பத்தின் பக்கத்தில் ஒரு அடி ஸ்கேலை வைத்து எடுத்தால் அளவு பற்றிய தகராறும் வராது.

பழைய கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் ஒன்றைக் கேளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. 'விண்டோஸ் 11 ஏறுமா?' என்று கேட்டு, ஏற்றிக் காட்டச் சொல்லி வாங்குங்கள். இன்டெல் என்றால் பொதுவாக 8-ம் தலைமுறையிலிருந்து ஏறும். அதற்கு முந்தையதை 'ஆபீஸ் யூஸுக்கு இது போதும் சார்' என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

அந்தக் கிழங்கு வியாபாரியின் கடையை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறார். டாட் மேட்ரிக்ஸ், இரண்டு பென் டிரைவ், கூகுள் டிரைவ் எல்லாம் உண்டு. அதோடு அப்பா சொல்படி ஒரு கார்பன் புத்தகமும் மலைக்குப் போகிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை நான் போய் பேக்கப்பை ரீஸ்டோர் செய்து பார்ப்பேன். இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. போன முறை வியாழன் பென் டிரைவ் திறக்கவில்லை. புதிது வாங்கி, அதிலும் பேனாவால் 'வியாழன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.